உவர்மலை மாடி வகுப்பு: மூச்சும் பிரஷரும் படிக்கப் போன நாலு கிழமை

டுபாயில் நேர்ஸாக வேலை செய்வதற்கான லைசன்ஸ் பரீட்சையை முதல் தடவை எழுதியபோது நான் பெயில். இரண்டாம் தடவை பாஸ். இரண்டுக்கும் நடுவில் நான் புதிதாகச் செய்தது ஒன்றுதான். திருகோணமலை உவர்மலையில் ஓய்வுபெற்ற நேர்சிங் சிஸ்டர் ஒருவர் தன் வீட்டு மேல்மாடியில் நடத்தும் வகுப்புக்கு நாலு கிழமை போனேன். அந்த வகுப்பைப் பற்றி வேலை இடத்தில் தங்கச்சிமார் அடிக்கடி கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வகுப்புக்குப் பெயர் கிடையாது, வாசலில் பலகையும் இல்லை. தன் பெயரைப் போட வேண்டாம் என்று சிஸ்டர் சொன்னதால் நானும் போடவில்லை. சனி, ஞாயிறு பின்னேரம் 2 மணியிலிருந்து 5 மணி வரை, மொத்தம் 8 வகுப்புகள், 5,000 ரூபாய். படிப்பிப்பது ஒரே ஒரு விஷயம்: நோயாளியின் வைட்டல்ஸ். காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷர், ஒட்சிசன் ஆகியவற்றை எப்படி எடுப்பது, எடுத்த எண்ணை எப்படி வாசிப்பது. முழு நேர்சிங் பாடமும் வேண்டுமென்றால் இது அதற்கான இடம் இல்லை.

"வைட்டல்ஸ் படிக்க நாலு கிழமையா?" என்று நானும் கேட்டவள்தான். டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன், ஒரு நாளைக்கு முப்பது பேருக்குப் பிரஷர் பார்க்கிறேன், எனக்கென்ன புதிதாக இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். முதல் பரீட்சைக்கு 22,000 ரூபாய் கட்டி இணைய வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். ஆயிரக்கணக்கான கேள்விகளும் விடைகளும் அனுப்பினார்கள். கூடவே ஓர் அட்டவணை: நாடி 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20, பிரஷர் 120க்கு 80. இரவு வேலை முடிந்து வந்து, கண் எரிய எரிய அதைப் பாடமாக்கினேன். பரீட்சையில் எவரும் அட்டவணையைக் கேட்கவில்லை. நாலு நோயாளிகளின் எண்களைக் கொடுத்து, யாரை முதலில் போய்ப் பார்ப்பாய் என்ற மாதிரித்தான் கேட்டார்கள். நாலு பேரின் எண்களும் ஏறத்தாழ அட்டவணைக்குள்ளேயே இருந்தால் நான் என்ன செய்வது? பிரஷர் எவருக்குக் குறைவோ அவரைத் தெரிவு செய்துகொண்டே போனேன்.

உவர்மலையில் முதல் நாள் சிஸ்டர் கொப்பியைத் திறக்கவே விடவில்லை. எங்களை இரண்டு இரண்டு பேராக இருத்தினார். 11 பேர் என்பதால் ஓர் இடத்தில் மூன்று பேர். எனக்குச் சோடி மூதூரிலிருந்து வந்த ஒரு தங்கச்சி. "ஒரு நிமிடம் பக்கத்தில இருக்கிற ஆளின்ட மூச்சை எண்ணி எழுதுங்க" என்றார். எழுதினோம். தாள்களை வாங்கி மேசையில் வரிசையாகப் பரப்பினார். 11 தாள்களில் 7 தாள்களில் 18 அல்லது 20.

"பிள்ளை, நீங்க எந்தச் செக்கன்ல எண்ணத் தொடங்கினீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

என்னால் சொல்ல முடியவில்லை. உண்மையில் நான் எண்ணவே இல்லை. வேலையில் மூச்சுக்குரிய கட்டம் வந்தால் கை தானாக 18 என்று எழுதிவிடும். எனக்குப் பழக்கியவர்களும் அப்படித்தான் எழுதினார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். சிஸ்டர் ஏசவில்லை. "உங்கட விடுதியில படுத்திருக்கிற எல்லாருக்கும் ஒரே மூச்சா?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எத்தனை பேரின் தாளில் அந்தப் பொய் 18ஐ எழுதியிருப்பேன் என்ற நினைப்புத்தான்.

அப்புறம் முறையைக் காட்டினார். என் சோடி அபாயா போட்டிருந்தாள், நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை. சிஸ்டர் அவளின் கையை மடித்து அவளது மேல்வயிற்றில் வைத்தார். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடிக்கும்படி என்னிடம் சொன்னார். பிடித்தேன். மூச்சு உள்ளே போகும்போது அவள் கை மெல்ல உயர்ந்து என் விரலைத் தள்ளியது, வெளியே விடும்போது அமிழ்ந்தது. பார்க்கவே தேவையில்லை, விரலுக்கே தெரிந்தது. மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே ஆள் மூச்சை மாற்றிவிடும், அதனால் நாடி பார்க்கிறோம் என்றே அவர் நினைக்கட்டும் என்றார். மணிக்கூட்டின் செக்கன் முள் ஒரு முழுச் சுற்றுப் போகும்வரை எண்ணினேன். 14.

நோயாளி மோசமாகப் போகும்போது பல வேளைகளில் முதலில் அசைவது மூச்சு எண்ணிக்கைதான் என்று சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். மூச்சு 24, 26 என்று ஏறிக்கொண்டிருக்கும்போது பிரஷர் நல்ல பிள்ளையாக நிற்கலாம். நாங்கள் எண்ணாமல் விட்ட கட்டத்தில்தான் முதல் செய்தி இருக்கிறது. கடும் வலிக்கு மோர்ஃபின் கொடுத்த ஆளுக்கு மூச்சு 12க்குக் கீழே இறங்கினால் அடுத்த டோஸைக் கொடுக்காமல் டொக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதும், பிரசவ விடுதியில் வலிப்பு வராமல் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஓடும் தாய்க்கு மூச்சு, முழங்கால் அனிச்சை, சலத்தின் அளவு மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் பரீட்சையில் அடிக்கடி வரும் விஷயங்கள். இவற்றை அன்றைக்கே சொன்னார். 18 என்று சும்மா எழுதிய கையோடு இருந்த எங்களுக்கு அது நன்றாக உறைத்தது.

இரண்டாவது கிழமை முழுக்கப் பிரஷர். டிஜிட்டல் மெஷினைத் தொட விடவில்லை. முள் வைத்த பழைய பிரஷர் செட்டும் ஸ்டெதஸ்கோப்பும்தான். முதலில் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றை ஏற்ற வேண்டும், நாடி மறையும் எண்ணைப் பார்த்து, அதற்கு மேல் 30 ஏற்ற வேண்டும். பிறகு செக்கனுக்கு 2 எண் என்ற அளவில் மெதுவாக இறக்க வேண்டும். முதல் 'டக்' மேல் எண், சத்தம் முழுதாக நிற்கும் இடம் கீழ் எண். இந்தச் சத்தங்களை 1905இல் நிக்கொலாய் கொரொட்கொவ் என்ற ரஷ்ய டொக்டர் சொல்லி வைத்தார், இன்றைக்கும் அவர் பெயராலேயே சொல்கிறோம். நாடியைத் தொட்டு ஏற்றுவது ஏன் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பிரஷர் கூடிய சிலருக்கு நடுவில் சத்தம் சிறிது நேரம் மறைந்து மறுபடி வரும். கொஞ்சமாகக் காற்றேற்றியவர் அந்த இடைவெளிக்குள் மாட்டி, 180 உள்ள ஆளுக்கு 150 என்று எழுதிவிடலாம்.

பிரஷர் எடுக்கக் கையில் சுற்றும் பட்டியைப் பற்றிச் சொன்னதை வீட்டில் செய்து பார்த்தேன். உள்ளே இருக்கும் ரப்பர் பையின் நீளம் கையின் சுற்றளவில் 80 வீதமும், அகலம் 40 வீதமும் இருக்க வேண்டுமாம். பட்டி சிறிதானால் எண் பொய்யாகக் கூடும், பெரிதானால் பொய்யாகக் குறையும். கையை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே தொங்க விட்டாலும் கூடும். என் அம்மாவுக்குக் கை கொஞ்சம் பருமன். வீட்டு மெஷினில் மேல் எண் எப்போதும் 155, 160 என்றுதான் வரும், அதைப் பார்த்தே அவவுக்குப் பயம் வந்துவிடும். சிஸ்டரிடம் பெரிய பட்டியை ஒரு நாளுக்கு இரவல் வாங்கி வந்தேன். அம்மாவைக் கதிரையில் சாய்ந்து, கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றி, 5 நிமிடம் கதைக்காமல் இருக்க வைத்தேன். (அம்மாவைக் கதைக்காமல் வைத்திருப்பதுதான் பெரிய வேலை.) 142க்கு 86. கூடத்தான், மருந்து தேவைதான். ஆனால் இத்தனை நாள் அவவைப் பயப்படுத்தியதில் பாதி அந்தச் சின்னப் பட்டி. அடுத்த கிளினிக்கில் இதை டொக்டரிடம் சொன்னோம்.

மூன்றாவது கிழமைதான் இந்த வகுப்பின் உயிர். அதற்காகவே 5,000 ரூபாய் கொடுக்கலாம் என்பது என் முடிவு.

பிரிஸ்டல் போட்டில் பெரிதாக வரைந்த விடுதிச் சாட்களைச் சிஸ்டர் சுவரில் ஒட்டினார். பெயர் இல்லை, வயதும் நோயும் எண்களும் மட்டும். முதல் சாட், 16 வயதுப் பையன், டெங்குக் காய்ச்சல், நாலாம் நாள். காலை 6 மணிக்குக் காய்ச்சல் 38.9, நாடி 96, பிரஷர் 112க்கு 72. 10 மணிக்குக் காய்ச்சல் 38, நாடி 104, பிரஷர் 108க்கு 76. பகல் 2 மணிக்குக் காய்ச்சல் 37.1, நாடி 118, பிரஷர் 104க்கு 84.

"என்ன சொல்லுறீங்க?"

முன்னால் இருந்த ஒரு பிள்ளை, "காய்ச்சல் விட்டிட்டுது மிஸ். பிரஷர் நூறுக்கு மேல இருக்கு. நாடி கொஞ்சம் கூட. தண்ணி குடிக்கச் சொல்லலாம்" என்றாள். நானும் அதையேதான் நினைத்தேன்.

"மேல் எண்ணில இருந்து கீழ் எண்ணைக் கழியுங்க."

கழித்தோம். 40. 32. 20.

அறையில் சத்தமில்லை. சிஸ்டர் சிவப்புப் பேனையால் அந்த 20ஐச் சுற்றி வட்டம் போட்டார். காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் டெங்கில் இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். உள்ளே அளவு குறையக் குறைய உடம்பு குழாய்களை இறுக்கிப் பிடிக்கும், அதனால் கீழ் எண் மேலே ஏறும். மேல் எண் நூறைத் தாண்டியே நிற்பதால் பார்ப்பவருக்குச் சந்தோஷம். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 20க்கு வந்துவிட்டால் அந்தப் பையன் ஷொக்கில் இருக்கிறான், உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகவில்லை. கையைத் தொட்டால் குளிரும். நகத்தை அமர்த்திவிட்டால் நிறம் திரும்ப 2 செக்கனுக்கு மேல் எடுக்கும். "காய்ச்சல் விட்டிட்டுது எண்டு வீட்டுக்காரர் சிரிக்கிற நேரம்தான் நீங்க கட்டிலை விட்டு அசையக் கூடாத நேரம்" என்றார்.

அவர் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2017இல் இலங்கை முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில், அதிலும் கிண்ணியாவில், அது பரவிய வேகத்தை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சிஸ்டர் அப்போது விடுதியில் நின்றவர். ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள் கிடந்ததைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. வகுப்பில் கிண்ணியாவிலிருந்து வந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிஸ்டர் அடுத்த சாட்டுக்குப் போய்விட்டார், நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு சாட்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். இரண்டும் மோட்டார் சைக்கிள் விபத்து. ஒருவருக்கு வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது: நாடி 88, 110, 128 என்று ஏற, மேல் பிரஷர் 118, 108, 92 என்று இறங்குகிறது. மற்றவருக்குத் தலையில் அடி: பிரஷர் 130க்கு 80இல் தொடங்கி 168க்கு 70, நாடி 84இலிருந்து 50, மூச்சு ஒழுங்கில்லை. நாடியைச் சிவப்பாலும் பிரஷரை நீலத்தாலும் கீறச் சொன்னார். முதல் தாளில் சிவப்புக் கோடு ஏறி, நீலக் கோடு இறங்கி, ஒன்றையொன்று வெட்டுகின்றன. இரண்டாவதில் நீலம் மேலே போக, சிவப்புக் கீழே போய், இரண்டும் வாயைப் பிளக்கின்றன. மண்டையோட்டுக்குள் அமுக்கம் கூடும்போது வரும் இந்த மூன்றையும் சேர்த்துக் குஷிங்கின் மூன்று அறிகுறிகள் என்று படித்திருப்பீர்கள். நானும் பாடமாக்கியிருந்தேன், ஒவ்வொரு முறையும் எது ஏறும், எது இறங்கும் என்று குழம்புவேன். அந்தப் படத்தைக் கீறிய பிறகு ஒரு நாளும் குழம்பவில்லை.

முதல் தாளில் இன்னொன்றையும் காட்டினார். நாடி 110க்கு ஏறிய நேரத்தில் மேல் பிரஷர் இன்னும் 108. பிரஷர் விழும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். அதோடு, அட்டெனொலோல் மாதிரி நாடியைக் குறைக்கும் மருந்து குடிக்கும் ஆளுக்கு இரத்தம் போனாலும் நாடி ஏறாமல் இருக்கலாம். ஆகவே கேள்வியில் மருந்துப் பெயர் வந்தால் அது சும்மா வரவில்லை என்றார்.

கடைசிக் கிழமை நியூஸ்-2 அட்டவணை, நோயாளி மோசமாகிறாரா என்று முன்கூட்டியே காட்டுவது. இங்கிலாந்தின் ரோயல் கொலிஜ் ஒவ் பிசீஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்தியது. ஒவ்வோர் எண்ணுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போட்டுக் கூட்டும் முறை. எங்களுக்குத் தந்த நோயாளிக்கு மூச்சு 22, ஒட்சிசன் 95, மேல் பிரஷர் 108, நாடி 104, காய்ச்சல் 38.4, தெளிவாகக் கதைக்கிறார், ஒட்சிசன் மாஸ்க் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒருவரும் ஓட மாட்டார்கள். மூச்சுக்கு 2, மற்ற நாலுக்கும் ஒவ்வொன்று. கூட்டினால் 6. 5 வந்தாலே அவசரமாக டொக்டர் பார்க்க வேண்டும், 7 வந்தால் உடனடி அவசரக் குழு. நான் முதல் பரீட்சையில் விட்ட கேள்விகள் எல்லாம் எந்த வகை என்று அந்தக் கூட்டலில்தான் விளங்கியது. நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ள சிலருக்கு ஒட்சிசன் இலக்கு 88 முதல் 92 வரைதான், மாஸ்க் போட்டு 98க்குக் கொண்டுபோனால் அதற்கும் இந்த அட்டவணையில் புள்ளி விழும் என்பதையும் அப்போதுதான் சரியாகப் படித்தேன்.

டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்த பிஸ்டுலா உள்ள கையில் பிரஷர் எடுக்கக் கூடாது, இதய மருந்தான டிஜொக்ஸின் கொடுக்கமுன் நாடியை நெஞ்சில் ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும், நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் ஒட்சிசன் மெஷினைக் குழப்பும், சூடாகத் தேத்தண்ணி குடித்தவரின் வாயில் உடனே வெப்பமானி வைக்கக் கூடாது என்பவற்றை எல்லாம் வேகமாகச் சொல்லிப் போனார். இவை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும்.

சரி, குறைகள். குழந்தைகள் பகுதி போதாது. பிறந்த பிள்ளைக்கு நாடி 120 முதல் 160, மூச்சு 30 முதல் 60 என்று தொடங்கி ஒரே மணித்தியாலத்தில் முடித்துவிட்டார். பிள்ளைகளின் சாட் ஒன்றாவது சுவரில் ஏறியிருக்க வேண்டும். கணினியில் நேரம் வைத்துப் பழக வசதி இல்லை, அதை நீங்களேதான் பார்க்க வேண்டும். விளக்கம் முழுக்கத் தமிழ், பரீட்சை இங்கிலீஷ். 'த்ரெடி' (நூல்போல மெலிந்த நாடி), 'பவுண்டிங்' (பலமாக அடிக்கும் நாடி), 'கிளாமி' (குளிர்ந்து வியர்த்த தோல்) மாதிரியான சொற்களுக்கு ஒரு பக்கப் பட்டியல் தருகிறார், நல்லது, ஆனால் நீளமான இங்கிலீஷ் கேள்வியை வேகமாக வாசிக்கும் பழக்கம் இங்கே கிடைக்காது. மேல்மாடிக்குத் தகரக் கூரை, ஒரே ஒரு மின்விசிறி. பகல் 3 மணிக்கு வியர்வையில் கொப்பி கையில் ஒட்டும்.

எனக்கு மனம் பொறுக்காத குறை நேரம். 5 மணி என்பது 5:45 ஆகும். பாலையூற்றில் இருக்கும் எனக்கு அது பெரிதில்லை. மூதூர், கிண்ணியாப் பிள்ளைகள் பஸ்ஸை நினைத்துக் கடைசிச் சாட்டில் மனம் வைக்காமல் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். என் சோடித் தங்கச்சி இரண்டு நாள் பாதியில் எழும்பிப் போனாள். அவள் விட்ட பகுதியைப் பிறகு நான் போனில் சொல்லிக்கொடுத்தேன். பகல் 1 மணிக்குத் தொடங்கலாமே என்று சிஸ்டரிடம் கேட்டேன். பார்ப்போம் என்றார்.

இரண்டாம் தடவை கொழும்பில் பரீட்சைத் திரையின் முன்னால் இருந்தபோது, தந்த வெற்றுத் தாளில் முதலில் கழித்தேன், பிறகு கூட்டினேன், பிறகுதான் விடைகளை வாசித்தேன். அவசரம் இருக்கவில்லை. டுபாய் போவது இன்னும் முடிவாகவில்லை, அம்மாவை யார் பார்ப்பது என்ற கதை வீட்டில் ஓடுகிறது. வேலையில் மட்டும் ஒரு மாற்றம். மூச்சுக் கட்டத்தை நிரப்ப இப்போது எனக்கு ஆளுக்கு ஒரு முழு நிமிடம் ஆகிறது. ரவுண்ட் பிந்துகிறது என்று ஒரு நாள் கேட்டார்கள். எண்ணுகிறேன் என்று சொன்னேன்.

சேர விரும்புகிறவர்கள் மாதத்தின் முதல் சனிக்கிழமை நேரே போகலாம். டொக்யார்ட் வீதிப் பக்கமிருந்து உவர்மலைக்கு ஏறிய பிறகு எவரிடம் கேட்டாலும் சிஸ்டர் வீட்டைக் காட்டுவார்கள். 12 பேருக்கு மேல் எடுப்பதில்லை. தண்ணீர்ப் போத்தலும், சிவப்பு, நீலப் பேனைகளும், செக்கன் முள் உள்ள கைமணிக்கூடும் கொண்டு போங்கள். போனைப் பார்த்து எண்ண விடமாட்டார்.